தனிக்கட்டையின் கோப்பு

2013-ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சென்னை நங்கநல்லூரில் ஒரு வீட்டின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாடிப் போர்ஷன் வாடகைக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி என் கையில் மோரைக் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்து, பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கும் வரிசையிலேயே கேள்விகளைத் தொடங்கினார். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார், நீங்கள் என்ன ஆளுங்க, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள், யாரெல்லாம் வந்து போவார்கள். வாடகையை எப்படிக் கட்டுவேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாக அந்த அம்மாள் சொன்னார்: "உங்களைப் பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது. ஆனா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க யாருக்கும்மா போன் பண்றது?"

அன்று அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. முப்பத்து நான்கு வயதில், பத்தாண்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்துடன், இனி யார் தயவிலும் இல்லாமல் வாழ்வது என்று இறங்கியவளிடம் கேட்கிற கேள்வியா அது? வாசலில் தொங்கிய 'டூ-லெட், குடும்பத்தினருக்கு மட்டும்' அட்டையை முறைத்துவிட்டுப் படியிறங்கினேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வங்கியிலும் மருத்துவமனையிலும் ரேஷன் அலுவலகத்திலும் சொந்தக் குடும்பத்திலும் அதே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒருவர்தான் அதைச் சுற்றி வளைக்காமல் கேட்டவர் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு விடை தயாரிப்பதில்தான் என் தனி வாழ்க்கையின் பாதி உழைப்பு கழிந்திருக்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைப் பக்கம் பிறந்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அந்த வேலையை விட்டு, மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் வீட்டிலிருந்தே செய்து பிழைக்கிறேன். காதல் தோல்வி எதுவும் இல்லை. ஜாதகத்தில் தோஷமும் இல்லை. திருமணத்தில் நாட்டம் இருந்ததில்லை, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்பதை மற்றவர்களால் ஏற்க முடிவதில்லை. தொடக்கத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் நீளமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விளக்கத்திலும் அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டார்கள். இப்போதெல்லாம் "வேண்டாம்னு இருந்துட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறேன். பெரும்பாலும் பேச்சு அந்தப் பக்கம் போய்விடுகிறது.

ஊர்ப்பேச்சை நான் பெரிய தடையாக எண்ணவில்லை. வளைகாப்பில் ஆரத்தி எடுக்க "சுமங்கலிங்க ரெண்டு பேர் வாங்க" என்று அழைக்கும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பது முதல் நான்கைந்து முறை வலித்தது. பிறகு பழகிவிட்டது, அல்லது அந்த நேரத்தில் பந்திக்குப் போய்விடப் பழகிவிட்டேன். பழகாதது வேறு. நம்மூரில் எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும், எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும், ஒவ்வொரு ஆளுக்குப் பக்கத்திலும் இன்னொரு ஆள் நிற்பார் என்ற கணக்கில்தான் போடப்பட்டிருக்கிறது. அந்த இன்னொரு ஆள் இல்லாதவர் முரட்டுப் பிடிவாதத்தால் தப்பிக்க முடியாது. காகிதத்தாலும் மனிதர்களாலும் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும்.

வீட்டு விஷயத்தில் இதைக் கற்றுக்கொள்ளப் பதினொரு வீடுகள் ஆயின. ஆறாவது வீட்டில் பொய் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் அடுத்த மாதம் மாற்றலாகி வந்து என்னோடு தங்குவார் என்றேன். வீடு கிடைத்தது. மாதம் பிறந்தால் "அண்ணன் எப்பம்மா வர்றாரு?" என்று கேட்டார்கள், நானும் ஒவ்வொரு மாதமும் அண்ணனின் மாற்றல் உத்தரவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாம் மாதம் எனக்கே அந்த வீட்டில் மூச்சு முட்டியது, காலி செய்தேன். வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். பொய்யோடு குடியிருப்பது, அந்த வீட்டில் நமக்கிருக்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுப்பது போல. சட்டப்படி ஒன்றைக் கேட்கக்கூட வாய் வராது.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்தே வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கியது. வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். சண்டை என்றால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் 'மோட்டார் பார்க்க' என்று முன்னறிவிப்பின்றி நுழையும் பழக்கம் எங்கும் இருப்பதால், இந்த 24 மணி நேரத்தை நான் ஒப்பந்தத்தில் தனி வரியாகவே எழுதச் சொல்கிறேன். சட்டத்தில் இருப்பதை எதற்குத் திரும்ப எழுத வேண்டும் என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் படிப்பது ஒப்பந்தத்தைத்தான்.

2017-இல் திருச்சிக்கு மாறியபோது வேறு வழியில் போனேன். வாடகை சென்னையில் கொடுத்ததில் பாதி. அம்மா இருக்கும் மயிலாடுதுறைக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். என் வேலைக்கு இணையம் போதும். ஸ்ரீரங்கத்தில் இரண்டு வீடுகள் 'என்ன ஆளுங்க' என்ற கேள்வியோடு முடிந்தன. உறையூரில் மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கையில் எடுத்துப் போனேன். ஆதார் நகல், ஆறு மாத வங்கி அறிக்கை, முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண், இவற்றோடு ஒரு வெள்ளைத்தாள். அதில் 'அவசரத்துக்கு அழைக்க' என்று தலைப்பிட்டு, அண்ணன் பெயர், திருச்சியிலேயே இருக்கும் தோழி ஒருத்தியின் பெயர், என் ரத்த வகை. அவர்கள் கேட்பதற்கு முன்பே அதை எடுத்து வைத்தேன். வீட்டுக்கார அம்மா மற்ற காகிதங்களைப் புரட்டவே இல்லை. அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து, காலண்டர் ஆணியில் குத்தி வைத்தார். நங்கநல்லூர் அம்மாளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விடை அது.

ரேஷன் அட்டை வேறு ரகம். அங்கே என்னை யாரும் அவமதிக்கவில்லை. என்னைப் போன்ற ஒருத்திக்கு அந்தப் படிவத்தில் இடம் தேடித்தான் திண்டாடினார்கள். முதலில் அம்மாவின் அட்டையிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாது. பெயரை நீக்கப் போனால், "கல்யாணப் பத்திரிகை கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் எழுத்தர். ஒரு பெண் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து வெளியேறும் வழி அவருக்குத் தெரிந்து அது ஒன்றுதான். புதிய முகவரிக்கான வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, தனிச் சமையல் என்று எழுதிக் கொடுத்து, இரண்டு முறை அலைந்தபின் சான்று கிடைத்தது. திருச்சியில் விண்ணப்பித்தபோது ஆய்வுக்கு வந்தவர் நேராக அடுப்படிக்குப் போனார். குக்கர், தோசைக்கல், கேஸ் புத்தகம் எல்லாம் பார்த்தார். "ஒரு ஆளுக்கு எதுக்கும்மா அட்டை?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சில மாதங்களில் ஸ்மார்ட் அட்டை வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் படம்; உறுப்பினர்கள் என்ற இடத்தில் நான் ஒருத்தி.

அரிசி வாங்காவிட்டாலும் அந்த அட்டை தேவைப்படுகிறது. முகவரிக்கு அதைப் பல இடங்களில் கேட்கிறார்கள். அதை விட, அரசாங்கத்தின் கணக்கில் நான் தனியாக ஒரு குடும்பம் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சான்று. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் விதிகளில், திருமணமாகாத தனித்த பெண் தலைமையில் குடும்பம் இருந்தால் அவரும் குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது, வருமான வரம்பால் எனக்கு அந்தத் தொகை இல்லை என்று தெரிந்தும், அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கேஸ் இணைப்பு கிடைக்கத் தாமதமாகிறவர்களுக்கு ஒரு தகவல்: 5 கிலோ சிறிய சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். முதல் மூன்று மாதங்கள் எனக்கு அதில்தான் உலை கொதித்தது.

இனி மருத்துவமனை. இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

2019 ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலத்திலிருந்து தொப்புளைச் சுற்றி வலி. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். இரவு பதினொரு மணிக்கு வலி வலது பக்கம் இறங்கியது, நிமிர முடியவில்லை. 108-ஐ அழைத்துவிட்டுத் தரையில் படுத்திருந்தபோதுதான் கதவு நினைவுக்கு வந்தது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தாலும் தாழ்ப்பாளை நான்தான் திறக்க வேண்டும். கூடத்திலிருந்து வாசல் கதவுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். அன்று அதைத் தவழ்ந்து கடந்தேன். குளிர்ந்த மொசைக் தரையில் முழங்கை வைத்து நகர்ந்ததும், தாழ்ப்பாளை எட்ட நாற்காலியின் காலைப் பிடித்து எழுந்ததும் இன்றும் உடம்பில் இருக்கிறது. அடுத்த மாதமே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, உள்ளே பூட்டினாலும் வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் போட்டேன். ஒரு சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. தனியாக இருக்கும் யார் என்னிடம் யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் பூட்டைத்தான்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் குடல்வால் அழற்சி என்றார்கள். உடனே அறுவை செய்ய வேண்டும். நான் முழு நினைவோடு இருந்தேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன். வரவேற்பில் இருந்த இளைஞர் படிவத்தைத் திருப்பிப் பார்த்து, "மேடம், அட்டெண்டர் சைன்?" என்றார். கூட வந்தவர் யாரும் இல்லை என்றேன். "ஹஸ்பண்ட்? பிரதர்?" அண்ணன் பெங்களூரில் இருந்தார். "அப்ப அவர் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணலாமா?" என்று கேட்ட அந்தப் பையனுக்கு என் மேல் எந்தக் கோபமும் இல்லை, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதுதான் அவருக்குச் சிக்கல். நள்ளிரவு ஒன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா, மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் விழித்தபோது, அந்தப் பையனே 'சகோதரி' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சுயநினைவோடு இருக்கும் வயது வந்த ஒருவருக்குச் செய்யப்படும் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதல்தான் ஒப்புதல். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் திருமணமாகாத, நாற்பத்து நான்கு வயதுப் பெண்தான். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த நேரத்தில், வெளியே காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவர் நினைவு திரும்பும் வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு வரவேற்பு மேசையில் தீர்ப்பை வாசித்துக் காட்ட முடியாது. சட்டம் தெரிந்திருப்பது நமக்குத் தைரியம் கொடுக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப ஆளும் வேண்டும்.

அதனால் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன். ஒன்று, நினைவில்லாமல் போனால் எனக்கு எந்த அளவு சிகிச்சை வேண்டும், என் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தபோது நீதித்துறை நடுவர் முன் கையெழுத்திட வேண்டும் என்று விதித்திருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பமும் போதும் என்றது. நான் தோழியையும் அண்ணனையும் பெயர் குறிப்பிட்டு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது ஏற்பாடு இன்னும் எளியது. இந்த வட்டாரத்தில் தனியாக இருக்கும் நான்கு பெண்கள், அதாவது ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், கணவரை இழந்த ஒருவர், மணவிலக்குப் பெற்ற ஒருவர், நான், காலை எட்டு மணிக்குள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவோம். வாழ்த்துப் படம், கோலம், பொன்மொழி எதற்கும் அனுமதி இல்லை. ஒன்பது மணி வரை புள்ளி வராவிட்டால் ஒருவர் அழைப்பார். எடுக்காவிட்டால் இன்னொருவர் சாவியோடு போவார். ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை சாவியோடு போயிருக்கிறோம். இரண்டு முறை தூக்கம். ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழுந்து, இரவு முழுவதும் எழ முடியாமல் கிடந்திருந்தார் எங்கள் செவிலியர் அக்கா. அன்று மருத்துவமனையில் அட்டெண்டர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தனியாகத் தொழில் செய்யும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பணம் வர அறுபது நாளும் ஆகும், தொண்ணூறு நாளும் ஆகும். ஒரு பதிப்பகம் தர வேண்டிய பதினெட்டாயிரம் ரூபாய் இன்று வரை வரவில்லை. பத்து மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன். வருமானம் குறைந்த ஆண்டிலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுவேன்; பணம் தரும்போதே பிடித்துக்கொண்ட வரி (டிடிஎஸ்) திரும்ப வருவது ஒரு பக்கம், சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கி கேட்பது மூன்று ஆண்டுக் கணக்கைத்தான். மருத்துவக் காப்பீட்டை நலமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 2024-இல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளும் குறுகிய காலம் அல்ல. ஒற்றை ஆளுக்குச் செலவு பாதிதானே என்பார்கள். வாடகை பாதியாவதில்லை, இணையக் கட்டணம் பாதியாவதில்லை. காய்கறி வண்டிக்காரர் "கால் கிலோவெல்லாம் நிறுக்க முடியாதும்மா" என்று அரைக் கிலோ கத்தரிக்காயை அள்ளிப் போடுகிறார். மூன்று நாள் கத்தரிக்காய்தான்.

குடும்பத்தைப் பற்றி எழுதுவதுதான் கடினம். வீட்டைத் துறந்து, உறவைத் துறந்து, வெளியேறி வாழ்பவளாக என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது நேர்மாறானது. திருமணமாகாதவளுக்குத் தனி வாழ்க்கை இருப்பதாகக் குடும்பம் எண்ணுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக எடுத்து வைத்த கை என்றுதான் எண்ணுகிறது. சித்தப்பா பெண்ணின் பிரசவம், மாமாவின் டயாலிசிஸ், அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் எதுவானாலும் முதல் தொலைபேசி எனக்குத்தான் வரும். "உனக்கென்ன, குடும்பமா குட்டியா? வீட்டுலதானே இருக்கே."

2022 பிப்ரவரியில் அம்மா கொல்லைப்புறத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பேச்சுக்கூட நடக்கவில்லை. என் பெட்டி மயிலாடுதுறைக்குப் போய்விட்டது. மடிக்கணினியை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையின் மேல் வைத்துத்தான் வேலை செய்தேன். ஒரு பத்தியை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கழிப்பறைக்கு அழைத்துப் போகும் வேளை வந்துவிடும். இரண்டு வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போனார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை. அண்ணனுக்கும் கோவையில் இருக்கும் தங்கைக்கும் இருப்பதை வேலை என்றும் குடும்பம் என்றும் சொல்லிவிட்டு, எனக்கு இருப்பதை 'சும்மா இருப்பது' என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அழுதுகொண்டே சண்டை போட்டேன். அழுதால் எடுபடாது என்று அன்றே தெரிந்துகொண்டேன். "அவளுக்கு மனசு சரியில்ல, தனியா இருக்காள்ல" என்று முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினேன். யார் எத்தனை நாள் அம்மாவோடு இருந்தார்கள், யார் எவ்வளவு செலவு செய்தார்கள், எனக்கு எவ்வளவு வருமானம் போனது. ஜூன் மாதம் எல்லோரும் கூடியபோது அந்த நோட்டை ஊஞ்சலின் மேல் வைத்தேன். நான் 118 நாள், தங்கை 9 நாள், அண்ணன் 6 நாள். குரலை உயர்த்தவில்லை. அண்ணன் நீண்ட நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு நாள் ஆயிடுச்சா?" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து பகலில் அம்மாவுக்குத் துணை இருக்கும் பெண்ணின் சம்பளம் அண்ணன் பொறுப்பு; கோடை விடுமுறையும் காலாண்டு விடுமுறையும் தங்கை முறை; மாதத்தில் ஒரு வாரம் நான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், முக்கியமாகத் தனியாக இருப்பவர்கள், தங்கள் வேலை நேரத்தை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் அனுபவம். என் ஆண்டு நாள்காட்டியில் கெடு தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டு, படம் எடுத்து, ஜனவரியிலேயே மூவருக்கும் அனுப்பிவிடுகிறேன்.

சொத்துப் பேச்சும் இங்கேதான் வரும். அப்பா காலமான பிறகு, பூர்விக வீட்டில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி பெரியவர்கள் சொன்னார்கள். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு வீடு என்பது அவர்கள் நியாயம். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமையைக் கொடுத்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குத்தான் பொருந்தியது. மணமாகியிருந்தவர்கள் 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகாததற்காகப் பரிசு கொடுத்த சட்டம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நான் கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் இரண்டு பொங்கலுக்கு என்னோடு பேசவில்லை; மூன்றாவது பொங்கலுக்குப் பேசினார். குற்ற உணர்ச்சி மேலோங்கி நிற்கும் நேரத்தில், இழவு வீட்டிலோ விசேஷ வீட்டிலோ, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடக்கூடாது.

நானும் உயில் எழுதிவிட்டேன். எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி என்னைப் போன்றவளின் சொத்து முதலில் தாய் தந்தைக்கும், அவர்களுக்குப் பின் தந்தையின் வாரிசுகளுக்கும் போகும். நாமினியாகத் தோழியின் பெயரைப் போட்டிருக்கிறேனே என்று நெடுநாள் நிம்மதியாக இருந்தேன். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று ஒரு வழக்கறிஞர் விளக்கியபோது அந்த நிம்மதி போயிற்று. உயிலை வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பின்னால் சந்தேகம் கிளப்புவோர் இருப்பார்கள் என்று தோன்றினால் பதிவது நல்லது. நான் பதிந்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்களில் நாற்பது சொச்சம் வயதில் உயிலோடு நின்றவள் நான் ஒருத்திதான், எனக்கு முன்னால் நின்ற முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவதா தாயி?" என்று மெல்லக் கேட்டார்.

தனிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இல்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, எதிர் வீடுகளில் எல்லாம் காபி கலக்கும் சத்தம் கேட்கும் நேரத்தில் அது வரும், ஐந்தரைக்குப் போய்விடும். அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அந்த நேரத்துக்குத்தான் வாரத் துணிகளை இஸ்திரி போடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எழுபதுக்குப் பிறகு என்ன என்பதற்கு என்னிடம் விடை இல்லை. புள்ளி வைக்கும் குழுவில் நான்கு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வீடு எடுக்கலாமா என்று இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நால்வருக்கும் ஒத்து வருகிற தெரு இன்னும் அகப்படவில்லை. ஒருவருக்குக் கோயில் பக்கம் வேண்டும், ஒருவருக்கு மீன் கடை பக்கம் வேண்டும்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை. போன வாரம் அண்ணன் அழைத்து, "உனக்குத்தான் லீவு பிரச்சினை இல்லையே" என்று தொடங்கினார். நான் ஒன்றும் சொல்லாமல், சிவப்பு வட்டமிட்ட நாள்காட்டியின் படத்தை மறுபடி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, மயிலாடுதுறைக்கு அவர் எடுத்த ரயில் டிக்கெட்டின் படம் வந்தது. முதல் வாரம் அவருடையது.